காலி நாற்காலிகளுக்கு ஒரு வகுப்பு

பட்டறை வகுப்புக்குத் தலைப்பு வைப்பது, யார் சாப்பிட வருவார்கள் என்று தெரியாமலே உலை வைக்கிற மாதிரியான வேலை. ஊர்ச் சங்கத்துக்கோ பள்ளிக்கூட விழாவுக்கோ ஏற்பாடு செய்துவிட்டு, காலி நாற்காலிகளைப் பார்த்தபடி நின்றவர் நீங்கள் என்றால் என் வயிற்றெரிச்சல் உங்களுக்குப் புரியும்.

ஆந்திராவில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய புத்தூரில் ஒரு பழைய கிடங்கில் எங்கள் பொதுப் பட்டறை இருக்கிறது. துளை போடும் மிஷின், தையல் மிஷின், 3டி பிரிண்டர் எல்லாம் உண்டு. யாரும் வரலாம், கையால் செய்து பார்க்கலாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு. என்ன வகுப்பு என்று முடிவு செய்வது என் பொறுப்பு. மிஷின்களைப் பார்த்துக்கொள்வது ரமணய்யா. அவர் தெலுங்கும் தமிழும் கலந்துதான் பேசுவார்.

ட்ரோன்

முதல் தலைப்பு ட்ரோன். காலேஜ் பையன்கள் கூட்டமாக வருவார்கள் என்று நம்பினேன். அன்றைக்குப் பார்த்து எல்லாரும் சென்னைக்கு இன்டர்வியூவுக்குப் போய்விட்டார்கள். "ஒக்கரு கூட ராலேதே மேடம், ஒருத்தரும் வரல, மூடிடலாமா?" என்று ரமணய்யா கேட்டுக்கொண்டிருக்கும்போது ஒருவர் உள்ளே வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். சத்தியவேடு பக்கத்துக் கிராமம், பெயர் முனிரத்தினம் என்றார்.

அவர் ஒருவருக்காகவே வகுப்பு நடத்தினோம். ட்ரோன் மேலே போனதும், டேப்லெட்டில் தெரிந்த கூரைகளையும் தென்னை மரங்களையும் கண் சிமிட்டாமல் பார்த்தார். இது நாற்பது கிலோமீட்டர் போகுமா என்று கேட்டார். போகாது, அவ்வளவு தூரம் பறக்கவிட அனுமதியும் கிடைக்காது என்றேன். தலையாட்டினார். எதற்குக் கேட்கிறீர்கள் என்றேன்.

"நைனாவுக்கு சர்க்கார் குட்த்த நெலம் மேடம். இப்ப கம்பெனி காம்பவுண்டுக்கு உள்ள கீது. காசு குட்த்தாங்க, இல்லன்னு சொல்லல. நாங்க வெட்டின கெணறு இன்னும் கீதா, மூடிட்டாங்களான்னு ஒரு தபா பாத்துட்டா போதும்."

சால்டரிங்

அடுத்து, ஈயம் உருக்கி ஒயர் பற்றவைக்கிற வகுப்பு. சின்னதாக ஒரு எல்ஈடி விளக்கு செய்ய வேண்டும். வந்தவர்கள் எல்லாரும் விரலைச் சுட்டுக்கொண்டிருக்க, சுகன்யா என்கிற பெண் மட்டும் பொட்டு வைக்கிற மாதிரி வைத்துக்கொண்டே போனாள். செல்போன் பாகங்கள் செய்கிற கம்பெனியில் அவளுக்குத் தினமும் இதே வேலையாம்.

"அப்புறம் லீவு நாளில் இங்கே எதுக்கும்மா வந்தே?" என்றேன். அவள் சுவிட்சைப் போட்டாள். விளக்கு எரிந்தது. அணைத்தாள், மறுபடி போட்டாள். மற்றவர்கள் கிளம்பின பிறகும் அதைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"அங்க நான் வெக்கிறது ஒரே ஒரு புள்ளி மேடம். போர்டு அந்தாண்ட போயிடும். அப்பறம் அது எரிஞ்சிதா, பேசிச்சான்னு எனக்குத் தெரியாது. இந்த மாசத்தோட கான்ட்ராக்ட் முடியுது. போறதுக்குள்ள, நான் செஞ்சது ஒன்னாவது எரியறத பாக்கணும்னு தோணிச்சி."

மர பொம்மை

பிள்ளைகளோடு அப்பாக்கள் வரட்டும் என்று பொம்மை வகுப்பு வைத்தேன். அப்பாக்கள் வந்தார்கள், பிள்ளைகளும் வந்தார்கள். ஒருவர் மட்டும் தனியாக வந்து கடைசி மேசையில் லாரி செய்தார். அவர் மனைவி குழந்தையைக் கூட்டிக்கொண்டு எப்போதோ சென்னைக்குப் போய்விட்டார் என்பது எனக்கு அப்போது தெரியாது. எந்த அளவில் செய்வது என்பதற்காக, பையனுக்கு என்ன வயசு என்று கேட்டுத் தொலைத்தேன்.

"கடைசியா பாக்கசொல்ல மூணு. அந்த அளவுக்கே சொல்லுங்க."

கைப்பிடி

இந்தத் தலைப்பு நான் வைத்தது இல்லை. நகரியிலிருந்து ரயிலில் வந்து கேட்டவர் கன்னியம்மா, விசைத்தறியில் வேலை செய்கிறவர். வீட்டுக்காரருக்கு ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது. குளிப்பாட்டும்போது அவரைத் தாங்கிப் பிடிக்க இந்த அம்மாவால் முடியவில்லை. பக்கத்து வீட்டு ஆண்களைக் கூப்பிட்டால் அவர் கூச்சத்தில் அழுகிறார். பிடித்துக்கொண்டு நிற்கச் சுவரில் ஏதாவது பொருத்த முடியுமா என்று கேட்டார்.

"குளியலறைக் கைப்பிடி" என்று போர்டு எழுதினேன். அன்றைக்கு உட்கார இடமில்லை. ஒவ்வொரு வீட்டிலும் ஒருவர் இப்படி இருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. முதல் வாரம் குழாய் அறுத்து வளைத்தோம். தேய்ப்பதும் சுவரில் பொருத்தப் பழகுவதும் அடுத்த வாரம். அவருக்கு விரல் முழுசாக மடங்காது என்று கன்னியம்மா தடிமனான குழாயாகப் பொறுக்கி எடுத்திருந்தார்.

அடுத்த வாரம் கன்னியம்மா வரவில்லை. அதற்கும் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். நெற்றி வெறுமையாக இருந்தது. ரமணய்யா அவருடைய குழாயை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். கன்னியம்மா உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தார். "விடுங்கம்மா, நாங்க முடிச்சிடறோம்" என்றேன். அவர் நிறுத்தவில்லை. தேய்த்து முடித்து, கை வழுக்காமல் இருக்கப் பையிலிருந்து ஒரு பழைய லுங்கித் துணியை எடுத்துக் கிழித்துச் சுற்றினார். இறுக்கிக் கட்டிவிட்டு, தானே ஒருமுறை பிடித்து இழுத்துப் பார்த்தார்.

"போன அன்னிக்கி காலைல கூட கைப்பிடி எப்ப வரும்னு கேட்டுக்கினு இருந்தாரு மேடம். பாதில உட மனசு வரல. யாராச்சும் கேட்டா குட்த்துடுங்க, வூட்ல வெச்சா என்னால பாத்துக்கினு இருக்க முடியாது."

அடுத்த மாதம் புத்தூர்க்காரர் ஒருவர் தன் தாயாருக்காக வந்து கேட்டார், கொடுத்துவிட்டோம். துணியை மாற்றித் தரட்டுமா என்று ரமணய்யா கேட்டதற்கு, இதுவே பிடிக்க நன்றாக இருக்கிறது என்று வாங்கிக்கொண்டு போனார். பட்டறைக்கு நிதி கொடுக்கிறவர்கள் இப்போது எங்களிடம் புதுமையான தலைப்புகளாகக் கேட்கிறார்கள்.

அதனால் வரும் ஞாயிற்றுக்கிழமை ரோபோ வகுப்பு, நாற்காலிகளைத் துடைத்துப் போட்டாகிவிட்டது, வழக்கம்போல ஒருவர் வருவார், அவரும் ரோபோவுக்காக வரமாட்டார்.