பொறுக்கிப் போட்ட அரிசி

எங்கள் அறையில் ஞாயிற்றுக்கிழமை என்றால் அரிசி பொறுக்கும் நாள். கல் பொறுக்குவதில்லை, பிளாஸ்டிக் பொறுக்குவது. ஒரகடத்தில் ஒரு வீட்டு மாடியில் நானும் என் தோழியும் வாடகைக்கு இருந்தோம். நான் செய்யாறு பக்கம், அவள் தென்காசிப் பக்கம். இருவருக்கும் ஒரே கம்பெனியில் வேலை. கார் இன்ஜினுக்குப் போகும் ரப்பர் குழாய்களைப் பார்த்துத் தரம் பிரிக்க வேண்டும். குமிழி, கீறல், பிசிறு, எது இருந்தாலும் சிவப்பு ட்ரேயில் போட வேண்டும். ஷிப்ட் முழுக்க விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்த கண்கள் லீவு நாளில் மட்டும் சும்மா இருக்குமா?

அவளுடைய அம்மா ஊரிலிருந்து ரேஷன் அரிசி கட்டிப் பஸ்ஸில் போட்டுவிடுவார். அதில் அங்கங்கே வெளுத்து, வழவழவென்று சில அரிசிகள் கிடக்கும். தண்ணீரில் போட்டால் மிதக்கும். அது பிளாஸ்டிக் அரிசி என்று அவளுடைய மாமா குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் வீடியோ அனுப்பியிருந்தார். சோற்றை உருண்டை பிடித்துத் தரையில் அடிக்கிறார்கள், அது பந்தாக எழும்புகிறது, பின்னால் பேய்ப்பட இசை. அதைப் பார்த்த பிறகு அவள் தாம்பாளத்தோடு உட்கார்ந்தால் ஓர் அரிசி தப்பாது. வேறு வீடாக இருந்தால் கொஞ்சமாவது கண்ணுக்குத் தப்பி வயிற்றுக்குப் போயிருக்கும். இவள் இன்ஸ்பெக்ஷன்காரி ஆயிற்றே. நானும் துணைக்குப் பொறுக்குவேன். எனக்கு அந்த வீடியோவில் நம்பிக்கை இல்லை. ஆனால் சமைக்கிறவள் அவள், தின்கிறவள் நான், எதற்கு வம்பு?

பயிற்சி முடிந்து எங்களை நிரந்தரமாக்குவதற்கு முன் கம்பெனியில் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். எனக்குச் சரியாக இருந்தது. அவளுக்கு ரத்தம் மிகவும் குறைவு. முதலுதவி அறை நர்ஸ் அக்கா எங்களைக் கூப்பிட்டார்.

“இன்னாம்மா, ஒடம்புல ரத்தமே இல்லாம எப்டி நின்னுகினு வேலை பாக்கற? மூணு மாசம் டைம் குடுத்துக்கிறாங்க. ஏறலன்னா அன்ஃபிட்னு எழுதிடுவாங்க.”

அன்ஃபிட் என்றால் ஊருக்குத் திரும்பி, அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி சுற்ற வேண்டியதுதான். பள்ளிக்கூடத்துப் பிள்ளையாக இருந்தபோதே அவள் மடியில் ஏறிய பீடித் தட்டு அது. அதை இறக்கி வைத்துவிட்டுத்தான் இத்தனை தூரம் வந்திருந்தாள்.

நர்ஸ் அக்கா இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துவிட்டு என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டார். “ரேஷன் அரிசிதான்க்கா. பிளாஸ்டிக்க எல்லாம் பொறுக்கிட்டுத்தான் ஆக்குவோம்” என்றாள், கொஞ்சம் பெருமையாகவே.

நர்ஸ் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். “அது பிளாஸ்டிக் இல்லம்மா. அரிசி மாவுல இரும்பு, வைட்டமின்லாம் கலந்து, அரிசி மாதிரியே அச்சுல எடுக்கறது. உன்ன மாதிரி ஆளுங்களுக்காவத்தான் கலக்கறாங்க.”

கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதைதான். ஆனால் கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் அவள், “அவங்க அப்படித்தான் சொல்லுவாவ. எங்க மாமா சும்மா சொல்லுவாவளா?” என்றாள்.

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “ஒங்க மாமா இன்னா டாக்டரா?”

“டாக்டர் இல்லட்டி. ஆனா நம்ம ஆளுல்லா.”

ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் வடக்குப்பட்டைத் தாண்டியது. அப்போதுதான் கம்பெனியில் நாங்கள் வேலை பார்க்கும் லைன் ஞாபகம் வந்தது.

குழாயில் காற்றுக் கசிகிறதா என்று பார்க்க அங்கே ஒரு மெஷின் உண்டு. ஷிப்ட் தொடங்கும்போது அதில் இரண்டு மாஸ்டர் பீஸ் போட்டுப் பார்ப்போம். ஒன்று நல்லதென்று முன்பே தெரிந்த குழாய், இன்னொன்று வேண்டுமென்றே ஓட்டை போட்ட குழாய். நல்லதையும் ஓட்டை என்று சொன்னால் கோளாறு குழாயில் இல்லை, மெஷினில்.

“ஒங்க மாமா வீடியோல நல்ல அரிசிய மாஸ்டர் பீஸா போட்டுப் பாத்தாங்களாடி?” என்று கேட்டேன்.

அவள் யோசித்தாள். “போடலியே” என்றாள். இன்ஸ்பெக்ஷன்காரியின் மனம் அங்கே உறுத்திவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை கீழ் வீட்டுக்காரம்மாவிடம் போய், கடையில் வாங்கிய அவருடைய பொன்னி அரிசிச் சோறு ஒரு கை கேட்டோம். எதற்கு என்றார். பந்து அடிக்க என்றேன். சோற்றை எடுத்துக்கொண்டு அவரே மாடிக்கு வந்துவிட்டார். எங்கள் உருண்டை எழும்பியது. அவருடைய உருண்டை அதைவிட நன்றாக எழும்பிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது.

“அடிப்பாவிங்களா, அப்ப நான் காசு குடுத்து வாங்கிகினு வர்றதும் பிளாஸ்டிக்கா?”

அவரைச் சமாதானப்படுத்தி, ஒட்டுகிற சோறு எதுவானாலும் இறுக்கி உருட்டினால் எழும்பும் என்று புரியவைப்பதற்குள் எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. ஒரு வதந்தியை ஒழிக்கப் போய் இன்னொன்றை நானே பெற்றுப் போட்டிருப்பேன்.

“ஆனா மிதக்குதே” என்றாள் அவள், விடாமல். சரி, ஓட்டைக் குழாயும் வேண்டுமல்லவா? உடைந்த குளியல் மக்கிலிருந்து அரிசி அளவுக்குப் பிளாஸ்டிக் நறுக்கினேன். அதையும் பொறுக்கிய அரிசியையும் ஒன்றாகக் கொதிக்க வைத்தோம். அரிசி விரலுக்கு நடுவே மாவாக மசிந்தது. மக்குத் துண்டு விரலைக் குத்தியது.

அவள் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். “இத்தன நாளா ஓகே பீஸைத் தூக்கி சிவப்பு ட்ரேல போட்டிருக்கேன்” என்றாள். எங்கள் வேலையில் இதைவிட அவமானம் கிடையாது.

அன்றோடு பொறுக்குவது நின்றது. மாத்திரையையும் விடவில்லை, அரிசியை மட்டும் நம்பி இருக்காதே என்று நர்ஸ் அக்கா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். வீட்டுக்காரம்மா புண்ணியத்தில் முருங்கைக்கீரையும் வந்துகொண்டிருந்தது. மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தார்கள். ஃபிட். எனக்கே இன்னொரு தடவை வேலை நிரந்தரமான மாதிரி அவளைக் கட்டிக்கொண்டு குதித்தேன்.

அரிசி விஷயத்தை அவள் ஊரில் சொல்லவே இல்லை. மாமாவை எதிர்த்துப் பேசத் தயக்கம். வேலை நிலைத்ததை மட்டும் சொல்லத்தான் அன்று அம்மாவுக்குப் போன் போட்டாள், ஸ்பீக்கரில்.

“நல்லாரு மக்கா” என்றார் அம்மா. “இன்னைக்கு அனுப்பின அரிசிய நீ பொறுக்காண்டாம். நானே உக்காந்து ஒண்ணு விடாமப் பொறுக்கிட்டேன். லீவுலயும் கண்ணப் போட்டுக் கஷ்டப்படுதியேன்னுதான். இங்க நமக்கும் பொறுக்கித்தான் ஆக்குதேன்.”

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். “பொறுக்கினத என்னம்மா செஞ்ச?”

“கோழிக்குப் போட்டேன். கோழிக்கு எதத் தின்னாலும் செரிக்கும்லா. என்ன மாயமோ, நல்லா முட்ட போடுது.”

சிரித்துச் சிரித்து எங்களுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சிரிப்போடு சிரிப்பாக, “நீ எப்படிம்மா இருக்க?” என்றாள்.

“எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன். பீடித் தட்ட வச்சிட்டு எந்திரிக்கும்போது கிறுகிறுன்னு வரும். செவுத்தப் புடிச்சிக்கிடுவேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். அம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “மாமா சும்மா சொல்லுவாவளா?” என்றார்.

சனிக்கிழமை ஊருக்குக் கிளம்பினாள். அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகத் திங்கட்கிழமைக்கும் லீவு சொல்லியிருந்தாள். மக்குத் துண்டை எடுத்துக்கொண்டு போ, செய்து காட்டு என்றேன்.

“அம்மைக்கு மெஷினும் தெரியாது, மாஸ்டர் பீஸும் தெரியாதுட்டி. என்னயத் தெரியும். பொறுக்காத சோத்த அவ்வோ முன்னால உக்காந்து நான் திங்கப் போறேன், அவ்வளவுதான்” என்று கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறினாள்.

மறுநாள் நான் ஓவர்டைம் பார்த்துவிட்டு வெளியே வரும்போது போன் வந்தது.

“அம்மையும் சோத்தத் தட்டுல போட்டுக்கிட்டாவட்டி” என்றாள். “பொறுக்காம.”