ஆளில்லாத பேஸ்

உள்ளங்கை அகலத்தில் ஓர் இரும்புப் பெட்டி. காலால் மிதிக்க ஒரு பொத்தான், திருக இரண்டு குமிழ்கள். பச்சைப் பெயிண்ட் ஓரங்களில் உரிந்துவிட்டது. பல வருடங்களாக அலமாரியில் என் வேட்டிகளுக்கு அடியில் கிடந்ததைப் போன வாரம் வெளியே எடுத்தேன். சென்னையில் இருக்கும் பேத்தி போன் செய்திருந்தாள். அவளும் ஒரு தோழியும் சேர்ந்து குழு நடத்துகிறார்கள்; இவள் கிட்டார், அவள் டிரம்ஸ். “தாத்தா, பேஸ் கிட்டார் வாசிக்க எங்களுக்கு ஆள் கெடைக்கல. வெல கம்மியா ஒரு ஆக்டேவ் பெடல் வாங்கலாம்னு இருக்கேன். எப்படிப் பாத்து வாங்கறது?” என்றாள். கிட்டாரில் ஒரு சுரத்தை மீட்டினால் அதே சுரத்தை ஒரு ஸ்தாயி கீழேயும் சேர்த்து ஒலிக்கச் செய்யும் பெட்டி அது. ஒருவர் வாசித்தால் இருவர் வாசிப்பதுபோல் கேட்கும். நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன்.

கல்லூரி முடித்த கையோடு தஞ்சாவூரில் நான் ஒரு மெல்லிசைக் குழு நடத்தினேன். கிட்டார் என்னுடையது, குழுவும் என்னுடையது. எங்கள் பேஸ்காரர் நன்னிலம் பக்கத்தில் விவசாயக் கூலிகளின் தெருவில் பிறந்தவர். மைக் செட் ஆட்களோடு ஸ்பீக்கர் பெட்டி தூக்கிக்கொண்டு வந்தவர், ஒத்திகைகளில் உட்கார்ந்து உட்கார்ந்து பேஸ் கிட்டார் கற்றுக்கொண்டார். பேச்சில் நக்கல் அதிகம். பாடகர் சுருதி விலகினால், “அண்ணே, இவரு முன்னாடியே பூதலூர்ல எறங்கிட்டாரு, நாம தஞ்சாவூருக்குப் போயிருவோம்” என்பார். என்னை அண்ணே என்றுதான் அழைப்பார். என்னைப்போல் நிலமுள்ள வீட்டுப் பிள்ளைகளை அவர் தெருக்காரர்கள் ஐயா என்று அழைத்த காலம் அது. அந்த ஒரு வார்த்தையில் எனக்கு ரகசியமாகப் பெருமை உண்டு. என்னை முற்போக்கானவன் என்று நானே நம்புவதற்கு அது போதுமானதாக இருந்தது.

சாதி ஒழிய வேண்டும் என்று முழங்கிய அரசியல் கூட்டங்களில், தலைவர்கள் வரும்வரை நாங்கள் வாசித்திருக்கிறோம். பேஸ்காரர் என் பக்கத்தில் நின்றுதான் வாசித்தார். கோயில் திருவிழாக்களிலும் யாரும் ஒன்றும் சொன்னதில்லை. ஒரு வருடம் சம்பா அறுவடையின்போது கூலி உயர்வு கேட்டு அவர் ஊரில் ஆட்கள் வயலில் இறங்க மறுத்தார்கள். மிராசுதார்கள் வெளியூர் ஆட்களைக் கொண்டுவந்து அறுத்தார்கள். வரப்பில் போலீஸ் நின்றது. அதே ஊர்த் திருவிழாவுக்குத்தான் நாங்கள் அச்சாரம் வாங்கியிருந்தோம். விழாக் கமிட்டிக்காரர் ஒருவர் என் வீட்டுக்கு வந்தார். “கச்சேரி வைங்க, வேணாங்கல. கொடி புடிச்ச பய, ஒங்க பேஸ்காரன், நம்ம மேடையில நிக்கக் கூடாது. ஒங்க அப்பாவும் நெலம் வச்சிருக்கவருதானே, சொல்லியா தெரியணும்?” என்றார். நான் மறுத்திருக்கலாம். கச்சேரியை விட்டிருக்கலாம். இந்த ஒரு ஊருக்கு மட்டும்தானே என்று சமாதானம் செய்துகொண்டேன்.

நாகப்பட்டினத்தில் கப்பலில் வந்த சாமான்களை வீட்டிலேயே வைத்து விற்கும் ஒருவர் இருந்தார். அவரிடம் ஆக்டேவ் பெட்டிகள் இரண்டு இருப்பதாகக் கேள்விப்பட்டேன். தனியாகப் போகத் தைரியம் வரவில்லை. காதுக்குத் துணை வேண்டும் என்று பேஸ்காரரையே கூட்டிப்போனேன். பாட்டு கனமாகக் கேட்பதற்காக வாங்குகிறேன் என்று பொய் சொன்னேன். விலை கூடிய பெட்டியில் கீழ்ச்சுரம் விரலோடு ஒட்டி வந்தது. மலிவானதில் ஒரு கணம் பிந்தி வந்தது. இரண்டு கம்பிகளைச் சேர்த்துத் தொட்டால் தொண்டை கட்டியதுபோல் கமறியது. என் கை மலிவானதையே சுற்றி வந்ததை அவர் பார்த்துவிட்டார்.

“இதே போதும்ண்ணே. டோனக் கொறச்சுக்குங்க. கிட்டார் கழுத்துக்குக் கீழ தள்ளி, மேல் சுரத்துல வாசிங்க. ஒத்தக் கம்பிதான் தொடணும். ஒரு சுரம் அடங்கினப்புறம் அடுத்தத எடுங்க.” சொல்லிவிட்டு என் விரல்களைப் பிடித்து இடம் மாற்றி வைத்தார். அவர் பேஸில் வழக்கமாக வாசிக்கும் வரி ஒன்றை நான் வாசித்தேன். அப்படியே அவர் வாசிப்பதுபோல் வந்தது. சிரித்தார். “பரவால்லியே. இதுக்குச் சோறு போட வேணாம், பஸ்ஸுல எடம் புடிக்க வேணாம்.” நானும் சிரித்தேன். அப்போதே அவருக்குத் தெரியுமா என்பதை இன்றுவரை என்னால் முடிவு செய்ய முடியவில்லை.

திருவிழாவன்று கச்சேரி இல்லை, நீ வரவேண்டாம் என்று ஆள் சொல்லி அனுப்பினேன். அவர் ஊருக்கே கச்சேரிக்குப் போகிறேன், அவர் அறியாமல் இருப்பாரா என்று யோசிக்கக்கூட எனக்கு வெட்கமாக இருந்தது. மேடையில் அந்த வரி வந்தபோது பெட்டியை மிதித்தேன். “ஆளே இல்ல, ரெண்டு கிட்டாரு கேக்குதுய்யா!” என்று முன்வரிசையில் கமிட்டிக்காரர் தொடையில் தட்டினார். தேரடிக்கு அப்பால், வாய்க்கால் மதகின் மேல், அந்தத் தெரு ஆட்கள் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பக்கம் நான் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் பஸ் நிறுத்தத்துக்கு அவர் வந்தார். “கேட்டேங்கய்யா. நல்லா இருந்துச்சு” என்றார்.

“என்னடா புதுசா ஐயா?”

“எடத்துக்குத் தக்கபடிதானுங்களே.” பிறகு பழைய சிரிப்பு ஒன்று வந்து போனது. “ரெண்டாவது சரணத்துல பக்கத்துக் கம்பி பட்டுருச்சுங்க. கமறுச்சு.”

பஸ் வந்தது. வழக்கம்போல் ஸ்பீக்கர் பெட்டியைத் தோளில் தூக்கி, ஏணியில் ஏறி, கூரையில் வைத்துக் கட்டினார். கட்டு சரியாக இருக்கிறதா என்று ஒரு முறை இழுத்துப் பார்த்தார். இறங்கி நின்றுகொண்டார், பஸ்ஸில் ஏறவில்லை. நான் கூப்பிடவும் இல்லை. அடுத்த ஊரிலும் அதே நிபந்தனை வந்தது. அதற்கடுத்த ஊரில் அவர்கள் கேட்பதற்கு முன்பே ஆக்டேவ் பெட்டியோடு போய்விட்டேன். பேஸ்காரர் தன் ஊரை விட்டே போய்விட்டதாகப் பின்னால் சொன்னார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

நேற்று பேத்திக்குப் போன் செய்தேன். ஒற்றைக் கம்பியில் வாசித்துப் பார், கீழ்ச்சுரம் பிந்துகிறதா கவனி, டோனைக் குறைத்துக்கொள், ஒரு சுரம் அடங்கியபின் அடுத்ததை எடு என்றேன். “சூப்பர் தாத்தா. இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?”

“எங்க பேஸ்காரரு.”

“பேஸ்காரரே இருந்தாரா? அப்ப ஒங்களுக்கு எதுக்குத் தாத்தா இந்தப் பெட்டி?”

அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். பெட்டிக்குப் புது பேட்டரி போட்டு, கிட்டாரை மடியில் எடுத்து, ஒரு கம்பியை மட்டும் மீட்டினேன். மேல்சுரம் உடனே ஒலித்தது. கீழ்ச்சுரம் ஒரு கணம் பொறுத்து வந்தது, சுமையோடு பின்னால் நடந்து வருகிறவரைப் போல.