மாமனாரும் வெல்டு அளக்கும் தகடும்

பதுளையில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை செய்கிறேன். வெல்டின் தடிப்பு சரியா என்று பார்க்க, ஓரம் வளைவாக வெட்டிய எவர்சில்வர் தகடுகள் ஒரு கொத்து வைத்திருக்கிறேன். மடுல்சீமையிலிருந்து எங்கள் வீட்டுக்கு வந்திருந்த மாமனார், ஒருநாள் காலை குழாயடியில் நின்று அதில் ஒன்றால் நாக்கு வழித்துக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும், "ஆளுக்கு ஒண்ணா வாங்கி வச்சிருக்கீங்க போல, மாப்ள. நான் சின்னதா ஒண்ண எடுத்துக்கிட்டேன்" என்றார்.

"மாமா, அது இரும்ப ஒட்டுன எடத்த அளக்குறதுங்க."

அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் தகட்டைக் கழுவித் தந்தார். எனக்குத்தான் சிரிப்பதா, கோபப்படுவதா என்று தெரியவில்லை. அன்று மாலையே டவுனில் நல்ல நாக்கு வழிப்பான் ஒன்று வாங்கிக் கொடுத்தேன்.

மறுநாள் காலை அதைப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு, "பரவாயில்ல மாப்ள. ஆனா ஒங்களோடது மாதிரி ஓரத்துக்கெல்லாம் போவல" என்றார்.