ராகு காலத்தில் காணாமல் போன ஐஸ்

எண்பதுகளின் கடைசியில் எந்த வேலையிலும் எனக்குக் கால் தங்கவில்லை. சேலத்தில் ஒரு ஐஸ்கிரீம் கிடங்கில் இருந்தபோதுதான் டிரை ஐஸ் என்கிற உலர்பனியைப் பார்த்தேன். தொட்டால் சுடுகிற குளிர். தண்ணீராகாமல் நேரே காற்றாகிவிடுகிற வெள்ளை.

நாமக்கல்லில் அக்காவின் கணவர், என் மச்சான், தேய்ந்த லாரி டயர்களுக்குப் புது ரப்பர் ஒட்டும் பட்டறை வைத்திருந்தார். ரப்பரில் வரி பதிக்கிற அவருடைய அச்சில் கருகிய ரப்பர் பொருக்குத் தட்டி, டயரின் வரிகள் மழுங்கலாக விழுந்தன. மணலை ஊதிச் சுத்தம் செய்தால் அலுமினிய அச்சே தேய்ந்துவிடும். "இன்னொரு டயரு இப்பிடி வந்துச்சுன்னா என்ற வண்டி அத்தனையும் வேற பட்டறைக்குப் போயிருமுங்க" என்று லாரிக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். அவர் போனால் பட்டறையை மூடவேண்டியதுதான்.

மணலுக்குப் பதில் உலர்பனித் தூளை ஊதினால் அழுக்கு மட்டும் உதிரும், வெளிநாட்டில் செய்கிறார்கள் என்று கிடங்கில் பேசிக்கொண்டார்கள். முதலாளியிடம் இரண்டு கட்டி கேட்டு வாங்கி, தெர்மகோல் பெட்டியோடு பஸ் ஏறினேன்.

நான் போய் இறங்கிய நேரம் ராகு காலம். "ஊதறதுதான் வேலை மாப்ள, இடிக்கறது வேலையில்ல. இடிச்சு வெச்சிருவோம்" என்றார் மச்சான். இடித்துத் தகரத்தில் தானியம்போலப் பரப்பி, சாக்கால் மூடிவிட்டு டீ குடிக்கப் போனோம். நல்ல நேரம் பிறந்து சாக்கைத் தூக்கினால் வெறும் தகரம். ஈரம்கூட இல்லை. கட்டியாகவே பார்த்துப் பழகிய நான், தூள் இத்தனை வேகமாகப் பறக்கும் என்று நினைக்கவில்லை.

"ஆடு தின்னுருச்சுடா!" மச்சான் பக்கத்தில் கட்டியிருந்த ஆட்டின் வாயைப் பிளந்து விரலை விட்டார். "சில்லுனு இல்லியே..."

அக்கா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஆட்ட உடுங்க சாமி. பொட்டியில இன்னொரு கட்டி கெடக்குது. அதும் பறக்கறதுக்குள்ள ஊதுங்க!"

மணல் ஊதும் துப்பாக்கியில் தூளைப் போட்டு ஊதினோம். பட்டறை முழுக்க வெண்புகை, சீறல். பொருக்கு விறைத்துச் செதில் செதிலாக உதிர, அடியில் அலுமினியம் புதுப் பாத்திரம்போல் விழித்தது. கூட்டித் தள்ள மணலே இல்லை. ஆனால் பாதி அச்சோடு ஐஸ் தீர்ந்துவிட்டது.

மறுநாள் லாரிக்காரர் அந்த அச்சில் புது ரப்பர் ஒட்டிய தன் டயரைத் தடவியபடி சுற்றிவந்தார். வரிகள் ஒரு பாதி கூர்மை, மறு பாதி மழுங்கல். "ஏனுங்க, இது ரெண்டு டயரா, ஒண்ணா?"

மச்சான் ராகு காலத்தையும் ஆட்டையும் மறைக்காமல் சொன்னார். லாரிக்காரர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கூர்மையான பக்கத்தில் நகத்தை வைத்து இழுத்துப் பார்த்தார்.

"இது நல்லாத்தானுங்க இருக்குது. நாளைக்கு நம்ம வண்டி சேலம் போவுது. உங்க மச்சினன ஏத்தி உடுங்க, மீதிக்கும் ஐஸ் வரட்டும்" என்றவர், டிரைவரைப் பார்த்துக் கத்தினார்: "வேற பட்டறைக்குன்னு ஏத்துன அந்த நாலு டயரையும் இங்கியே எறக்கு!"