இஸ்திரி போட்ட வெள்ளைச் சேலை

என் கால் போன கதையைக் கேட்க உங்களுக்கு அப்படி என்ன ஆசை? இனிப்பு நீர் (சர்க்கரை நோய்) இருக்கிறவர்கள் முதலில் குனிந்து உங்கள் பாதத்தைப் பாருங்கள். பார்த்தாயிற்றா? சரி, சொல்கிறேன்.

மலேசியாவில், கோலசிலாங்கூர் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனையின் உதிரிப் பழம் பொறுக்கியவள் நான். ஒருநாள் செருப்பில் சிவப்பாக இருந்தது. பழச்சாறு என்று நினைத்துக் கழுவினேன். மறுநாளும் கழுவினேன். வலியில்லை, பாதம் மரத்துப்போய் வெகுநாளாகியிருந்தது. நாற்றம் வந்த பிறகுதான் அது என் இரத்தம் என்று தெரிந்தது.

"பாட்டி, கால் அழுகிருச்சு. முட்டிக்குக் கீழ எடுத்தாதான் உயிர் தங்கும்," என்றார் டாக்டரம்மா.

"எடுத்துக்க தாயி. இன்னொண்ண மட்டும் விட்டு வையி. யாரையாச்சும் ஒதைக்க வேண்டியிருக்கும்."

கண் விழித்தபோது போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. அதன்பின் எனக்கு வேடிக்கை வரவில்லை. ஜெபமும் வரவில்லை. சோறு வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மகள் உளறிவிட்டாள். "ரோசி அத்தை வந்தாங்கம்மா. உங்க கல்யாணச் சேலைய எடுத்துத் தொவச்சு இஸ்திரி போட்டு வச்சிருக்காங்க."

எங்கள் குடும்பத்தில் கல்யாணத்தன்று கட்டிய வெள்ளைச் சேலையிலேயே பெண்களை அடக்கம் செய்வார்கள். ரோசி என் நாத்தனார். ஜெபக்கூட்டத்திலும், "எங்க அண்ணிய சீக்கிரம் எடுத்துக்குங்கப்பா" என்று அழுதாளாம்.

"சோறு எங்கடி?" என்றேன் மகளிடம்.

அன்று ஜெபம் தானாக வந்தது. "ஏசப்பா, நான் சபையில எந்திரிச்சி நின்னு சாட்சி சொல்லணும். அவ பாக்கணும். அதுவரைக்கும் எடுத்துராதீங்க."

அன்பில்லாத ஜெபம்தான். ஆனால் மூன்று நாளாக அவரோடு பேசாமல் கிடந்தவள், கோபத்திலாவது பேசினேனே.

செயற்கைக் கால் வந்தது. கம்பியைப் பிடித்து நடக்கையில் சொந்தக் காலுக்கு "ஏசப்பா", பொய்க்காலுக்கு "ரோசி" என்று சொல்லிக்கொண்டேன்.

"ரோசி யாரு பாட்டி, பேத்தியா?" என்றாள் பயிற்சி கொடுத்த பெண்.

"இல்லம்மா. என்னை நடக்க வைக்கிறவ."

பத்து மாதம் கழித்து ஒரு ஞாயிறு, அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு கோயிலுக்கு நடந்தேன். சாட்சி நேரத்தில் எழுந்து நின்றேன். "இத இஸ்திரி போட்டது எங்க நாத்தனாரு. அவங்க போட்டது ஒண்ணுக்கு, கர்த்தர் கட்ட வச்சது ஒண்ணுக்கு." சபை சிரித்தது. ரோசி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு வயிறு நிறைந்தது.

ஆராதனை முடிந்து வாசலில் அவள் செருப்பு மாட்டும்போது பார்த்தேன். உள்ளே சிவப்பு. அவளும் தோட்டத்தில் பழம் பொறுக்குகிறவள்தான்; அவளுக்கும் இனிப்பு நீர் உண்டு.

"பழச்சாறு, அண்ணி."

"ஞாயித்துக்கெழம ஏது லா பழம்?"

உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தேன். குதிகாலில் புண். அன்றே ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனேன். கால் தப்பியது. ஆனால் நான் விடவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் சபை பார்க்க அவள்தான் முதலில் காலைக் காட்ட வேண்டும். பிறகு மற்ற இனிப்பு நீர்க்காரர்கள் வரிசையில் வருவார்கள். இதற்குத்தான் ஏசப்பா என்னை விட்டு வைத்தார் போலிருக்கிறது.

இல்லாத விரல் இன்னும் அரிக்கிறது. சொறிய முடியாது. எனக்கு இப்போது வாரத்தில் ஒரே நாள்தான். மற்ற ஆறும் அதற்குக் காத்திருப்பவை.

சேலை என்ன ஆயிற்று என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டார்கள்.

"கசங்கிருச்சு. ரோசிகிட்டயே இஸ்திரிக்குக் குடுத்திருக்கேன்," என்றேன். "அவசரமில்ல லா, மெதுவா போடுன்னு சொல்லிட்டேன்."