வாடியில் எடுத்த பாதிப் படம்

பாலாவிச் சந்தியில் எங்களை இறக்கிவிட்டுப் புத்தளம் பஸ் போனபோது காலை பத்தேகால். கொழும்பிலிருந்து ஏறக்குறைய நூற்றுமுப்பது கிலோமீற்றர். ஆளுக்கு இருநூற்றிருபது ரூபாய். கமராப் பெட்டியை மடியில் வைத்துக் கால் மரத்துப்போனதால் நீர்கொழும்பு தாண்டியதும் அதற்கும் ஒரு டிக்கட் எடுத்து ஜன்னலோரத்தில் உட்கார வைத்தேன். நடத்துனர் பெட்டியை ஒரு தரம், என்னை ஒரு தரம் பார்த்தார். மிச்சக் காசை மட்டும் தந்தார்.

மார்ச் மாதம் இதே சந்தியில் நாங்கள் ஐந்து பேர் இறங்கினோம். ஜூலையில் மூன்று பேர்தான். எழுத்தும் இயக்கமும் நான், கமரா பர்ஹான், ஒலிப்பதிவு நிரோஷன். மற்ற இரண்டு பேரும் வேறொரு குழுவுக்குப் போய்விட்டார்கள். போகும்போது, "உங்கட படம் முடியாது" என்று என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டுத்தான் போனார்கள். அன்றைக்கே நினைத்துக்கொண்டேன், இந்தப் படத்தை முடிக்காமல் விடுவதில்லை என்று. மாணவர் குறும்பட விழாவுக்குப் படம் கொடுக்க இன்னும் எட்டு நாள் இருந்தது. எங்களிடம் பாதிப் படம் இருந்தது.

சென்ற வருட விழாவைப் பற்றியும் சொல்லவேண்டும். எங்கள் முதல் படத்தை மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு போட்டார்கள். மண்டபத்தில் பாதி விளக்கு எரிந்தபடியே இருந்தது. முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாம் அடுத்த படத்தின் குழுவினர். தங்கள் படம் எப்போது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் நடுவர் ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்து, "நல்லாயிருக்கு, ஆனால் சோகம் போதாது" என்றார். அந்த ஒரு சொல் ஒரு வருடம் முழுக்க என் தலைக்குள் கிடந்து குடைந்தது. இந்த முறை சோகத்தில் குறை வைப்பதில்லை என்று முடிவெடுத்திருந்தேன்.

அப்படி முடிவெடுத்த கையோடுதான் மார்ச்சில் ஆலங்குடாவுக்கு வந்தோம். கடற்கரை நீளத்துக்குத் தென்னோலைக் கிடுகு வேய்ந்த குடில்கள். உள்ளே மணல் தரை, கல் அடுப்பு, மூலையில் சுருட்டிய பாய். ஒரு குடிலின் வாசலில் ஸ்டெல்லா அக்கா மீன் வெட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். நடிக்கக் கேட்டதும் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு வந்தார். முல்லைத்தீவில் பிறந்து, போரில் இடம்பெயர்ந்து, பத்து வயதில் தறப்பாள் கூடாரத்தில் இருந்தவள் நான். கிடுகுக் குடிலையும் அதற்குள் ஒரு பெண்ணையும் கண்டதும் கதை தானாகவே வந்துவிட்டது. கடல் வீட்டைக் கொண்டுபோகிறது, அவள் கரையில் நிற்கிறாள். மூன்று நாளில் முதல் பாதியை எடுத்தோம். அவருக்குக் கதையை முழுதாகச் சொல்லவில்லை. காட்சி காட்சியாகச் சொன்னால் இயல்பாக வரும் என்று வகுப்பில் படிப்பித்திருந்தார்கள்.

இப்போது கற்பிட்டி பஸ் ஏறி, வெங்காயப் பாத்திகளும் மிளகாய்த் தோட்டங்களும் தாண்டி நுரைச்சோலையில் இறங்கினோம். அங்கிருந்து ஆலங்குடாவுக்கு ஓட்டோ முந்நூற்றைம்பது ரூபாய். மார்ச்சில் சோம்பிக் கிடந்த காற்றாலைகள் இப்போது ஓயாமல் சுற்றிக்கொண்டிருந்தன. அதைப் பார்த்தாவது எனக்கு மூளை வேலை செய்திருக்க வேண்டும்.

பதினொன்றரைக்குக் கடற்கரை. குடில் ஒன்றுகூட இல்லை. கம்பு நட்ட குழிகள் கிடந்தன, உடைந்த கதிரைக்கால் ஒன்று மணலில் நீட்டிக்கொண்டிருந்தது. படகில்லை, வலையில்லை, ஆளில்லை. தூரத்தில் இரண்டு வெள்ளைக்காரர்கள் பெரிய பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் வழுக்கிப் போனார்கள். மணல் முகத்தில் அடித்தது. நிரோஷன் ஹெட்போனைக் கழற்றி என் காதில் மாட்டினான். காற்றைத் தவிர வேறொன்றும் கேட்கவில்லை.

பக்கத்து விடுதியின் காவலாளி தொப்பியைக் கையால் அமர்த்திப் பிடித்தபடி வந்தார். அங்கிருந்த குடும்பங்கள் எங்கே என்று கேட்டோம்.

"சோளகம் புடிச்சா அவங்க நிப்பாங்களா? சித்திரையோட வாடிக் குடிலெல்லாம் புடுங்கிட்டுப் போயிட்டாங்க. சிலாபம் பக்கத்து ஆக்கள். கார்த்திகைக்குத்தான் திரும்ப வருவாங்க." பிறகு பர்ஹானைப் பார்த்து, "தம்பி எந்த ஊரு?" என்றார்.

"புத்தளம், நானா."

அவர் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பர்ஹானின் வாப்பாவுக்கு உப்பளம். கடலைத் தகப்பனும் மகனும் வாய்க்கால் வழியாக வரும் தண்ணீராகத்தான் அறிவார்கள். அவனையாவது மன்னிக்கலாம். நான் மீன்பிடிக் குடும்பத்துப் பிள்ளை. சோளகம் என்ற தென்மேற்குக் காற்று வீசினால் எங்கள் கிழக்குக் கரையில் கடல் படுத்துக் கிடக்கும். இந்தக் கரையில் எழும்பி நிற்கும். எனக்கே இது உறைக்கவில்லை என்று நினைக்க வெட்கமாக இருந்தது.

ஸ்டெல்லா அக்கா இரண்டு கிழமையாக எங்கள் அழைப்பை எடுக்கவில்லை. சிக்னல் இல்லை என்று நாங்களே ஒரு காரணம் சொல்லிக்கொண்டிருந்தோம். நிரோஷன் கொழும்புக்குத் திரும்புவோம் என்றான். நான் மாட்டேன் என்றேன். எங்கள் குழுவில் எல்லாவற்றுக்கும் வாக்கெடுப்பு. பர்ஹான் என் பக்கம் கை தூக்கினான். அன்றிரவு தன் உம்மாவின் சாப்பாடு கிடைக்கும் என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மறுநாள் காலை புத்தளத்திலிருந்து சிலாபம், ஐம்பது கிலோமீற்றர். மீன் சந்தையில் போனில் இருந்த படத்தைக் காட்டி விசாரித்தோம். மூன்றாவது ஆளே கண்டுகொண்டார். இறால் நிறுத்துக்கொண்டிருந்த மனுசி அவர்.

"எங்கட ஸ்டெல்லா. பாவம், வீடு போயிட்டுதாமே. முகநூலில பார்த்தன்."

விழாவுக்கு ஆள் சேர்க்க நாங்கள் ஒரு சுவரொட்டி செய்து முகநூலில் போட்டிருந்தோம். குடில் வாசலில் ஸ்டெல்லா அக்கா கண்ணீரோடு நிற்கிறார். கீழே பெரிய எழுத்தில் 'வீடிழந்தவள்'. அது படத்தின் பெயர் என்று எங்களுக்குத் தெரியும். பார்த்தவர்களுக்கு எப்படித் தெரியும்?

தன் ஊரின் பெயரை எழுதவேண்டாம் என்று ஸ்டெல்லா அக்கா பின்னர் கேட்டுக்கொண்டார். சிலாபத்துக்கு வடக்கே, தேவாலயமும் தென்னையும் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை மனுசி சொன்ன அடையாளத்தில் ஓட்டோக்காரர் நிறுத்திய இடத்தில் பூசிய மதில், பச்சை நிற இரும்புக் கேற், தரைக்கு மாபிள் போட்ட விறாந்தை, உள்ளே பெரிய குளிர்சாதனப் பெட்டி. எங்கள் வீட்டைவிட இரண்டு மடங்கு. ஸ்டெல்லா அக்கா கேற்றுக்கு உள்ளே நின்றார், திறக்கவில்லை.

"எந்த வீடு மகள் எனக்கு இல்லாமப் போனது? இதா?"

நான் கேற்றையும் மாபிள் தரையையும் பார்த்தேன்.

"அது வாடி. தொழிலுக்குப் போற இடம். கடல் அடங்கினா போவோம், சோளகம் வந்தா வருவோம். அதையா என்ட வீடெண்டு போட்டீங்க?"

பிறகு, கேற்றைப் பிடித்தபடியே, நடந்ததைச் சொன்னார். மகள் ஷிரோமிக்கு நீர்கொழும்பில் சம்பந்தம் பேசியிருக்கிறது. இந்த வீடுதான் சீதனம். மாப்பிள்ளையின் தாய் போனில் எடுத்து, சீதன வீட்டைக் கடல் கொண்டுபோய்விட்டதாமே, ஏன் மறைத்தீர்கள் என்று கேட்டிருக்கிறார். இல்லை என்று சொன்னால், கண்ணீரோடு படம் இருக்கிறதே என்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை நேரில் பார்க்க வருகிறார்கள்.

பர்ஹான் அங்கேயே நின்று சுவரொட்டியை அழித்தான். நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் மார்ச்சில் எடுத்ததையும் அழிக்கச் சொன்னார். அது நியாயம்தான். ஆனால் அழித்தால் என்னிடம் படமே இல்லை, இன்னும் ஏழு நாளும் இல்லை. ஒரு தரம் பாருங்கள் அக்கா, பார்த்த பிறகும் அழி என்றால் உங்கள் கண்முன்னே அழிக்கிறேன் என்றேன். வெயிலில் கொஞ்ச நேரம் நிற்க வைத்துவிட்டுக் கேற்றைத் திறந்தார்.

சாப்பாட்டு மேசையில் மடிக்கணினியை வைத்துப் போட்டுக் காட்டினோம். தான் அழும் காட்சி வந்ததும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழச் சொன்னீர்கள், வரவில்லை, அடுப்புப் புகைக்கு முகத்தைக் கொடுத்தேன் என்றார். அந்தக் கண்ணீரை வைத்து நான் எத்தனை பக்கம் எழுதியிருப்பேன்! ஷிரோமி சிரிக்கவில்லை. முடிந்ததும் ஒரு கேள்விதான் கேட்டாள்.

"இதில எங்கட வீடு எங்க?"

அந்தக் கேள்விதான் படத்தைக் காப்பாற்றியது. முதல் பாதி என்று நாங்கள் எடுத்தது உண்மையில் கடைசிப் பாதி. வீட்டிலிருந்து தொடங்கவேண்டும். ஒரு பெண் தன் வீட்டைப் பூட்டிவிட்டு, ஆறு மாதத்துக்குக் கிடுகுக்குக் கீழே போகிறாள். போவது அவள் விருப்பம், திரும்பி வருவதும் அவள் விருப்பம். நான் மேசையிலேயே தாளை விரித்துக் காட்சிகளைத் தலைகீழாக மாற்றினேன். ஸ்டெல்லா அக்கா ஒத்துக்கொண்டார், ஒரு நிபந்தனையோடு. விழாவுக்கு முன்னால் சம்பந்தியம்மா பார்க்கவேண்டும்.

வெள்ளி பின்னேரமும் சனி முழுக்கவும் எடுத்தோம். சுவரில் இருந்த அந்தோனியார் படத்தை இறக்கித் துண்டில் சுற்றுகிறார். மாபிள் தரையைக் கடைசியாக ஒரு தரம் துடைக்கிறார். கேற்றைப் பூட்டித் திறப்பைத் தங்கையிடம் கொடுக்கிறார். மார்ச்சில் சொன்னதைச் செய்த அதே பெண், இப்போது எனக்கே சொல்லித்தந்தார். பூட்டை இழுத்துப் பார்க்காமல் எந்தப் பெண்ணும் போகமாட்டாள் என்று ஆறு தரம் எடுக்க வைத்தார். இரவெல்லாம் இருந்து பர்ஹான் வெட்டி ஒட்டினான்.

ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு நீர்கொழும்பு வான் வந்தது. எங்கள் வாழ்க்கையில் இப்படி ஒரு நடுவரை நாங்கள் கண்டதில்லை. சம்பந்தியம்மா முதலில் வீட்டைச் சுற்றிப் பார்த்தார், கிணற்றையும் எட்டிப் பார்த்தார். பிறகு உட்கார்ந்து படத்தைப் பார்த்தார். ஸ்டெல்லா அக்கா பரிமாறும் சாக்கில் கதவோரம் நின்றார். படம் முடிந்ததும் சம்பந்தியம்மா மடிக்கணினியைத் தானே மூடினார்.

"வீடு நல்லாத்தான் தெரியுது," என்றார். பிறகு, "தகப்பனைக் காணலியே. மனுசன் இல்லாத குடும்பம் மாதிரி இருக்கே?"

சம்பந்தம் நிலைத்தது. சாப்பாடு சிரிப்போடு நடந்தது. ஆனால் அவர் சொன்னது சரி. படத்தில் ஒரு ஆள் குறைகிறார். வான் போன பிறகு, உங்கள் கணவர் எங்கே அக்கா, ஒரு ஷொட் எடுக்கவேண்டுமே என்று கேட்டேன்.

"இப்ப சோளகம் தானே. முல்லைத்தீவுப் பக்கம் வாடி போட்டிருக்கார். அது தூரம், நான் போறதில்ல." என்னைப் பார்த்தார். "மகள்ட ஊரு எது? நான் கேக்கவே இல்ல."

சொன்னேன். முல்லைத்தீவு என்றதும் அவர் கையிலிருந்த தட்டை மேசையில் வைத்தார்.

எங்கள் கரையில் ஒவ்வொரு சோளகத்துக்கும் வாடிகள் முளைக்கும். வெளியூர்ப் படகுகள், பெரிய வலைகள். எங்கட மீனை அள்ளுறாங்கள் என்று அப்பா திட்டாத நாளில்லை. கூட்டம் போடுவார், மனு எழுதுவார். பள்ளிக்கூடம் போகும்போது அந்த வாடிகளைக் கடக்கையில் நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடப்பேன். அப்பாவின் கோபத்தில் நியாயம் இல்லையென்று இன்றைக்கும் சொல்லமாட்டேன். எனக்கு உள்ளுக்குள் கோபம் வந்தது, அதே நேரம் இந்த மனுசியின் சோறு வயிற்றில் இருந்தது.

"அங்க தகராறு எண்டு எங்கட ஆளும் சொல்றவர்," என்றார் ஸ்டெல்லா அக்கா மெதுவாக.

"ஓம் அக்கா, எங்கட அப்பாவும் சொல்லுறவர்."

அவர் குசினிக்குள் போய் ஒரு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாயும் கணவரின் கண்ணாடியும் கொண்டுவந்தார். மனுசன் கண்ணாடியை மறந்துவிட்டுப் போய் இரண்டு மாதம், கிழிந்த வலையைப் பொத்தக் கண் தெரியவில்லையாம். பத்திரமாகக் கொடுக்கச் சொன்னார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணி, சிலாபம் பஸ் நிலையம். நிரோஷனும் பர்ஹானும் ஒலியைச் சரிபார்க்கக் கொழும்பு பஸ்ஸில் ஏறினார்கள். நான் கமராப் பெட்டியோடு எதிர்ப்பக்கத்து வரிசையில் நின்றேன். புத்தளம், அனுராதபுரம், வவுனியா, பிறகு முல்லைத்தீவு, இருட்டுவதற்குள் போய்விடலாம். ஊரை விட்டுப் போய் அந்நியமான கரையைப் படம் எடுக்கிறோம் என்று மார்ச்சில் நினைத்தேன். எடுக்காமல் விட்டது எங்கள் வீட்டிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் இருக்கிறது. அப்பாவுக்குப் போன் எடுத்தேன்.

"இண்டைக்கு வாறன் அப்பா. நாளைக்கு ஒருக்கா வாடிப் பக்கம் போகவேணும்."

அப்பா வானொலியை நிறுத்துவது கேட்டது. பிறகு, "அவங்கட வாடிக்கு உனக்கு என்ன அலுவல்?" என்றார்.

"ஒராளிட்ட கண்ணாடி குடுக்கவேணும். அவரைப் படமும் எடுக்கவேணும். அவற்ற மனுசி எனக்குச் சோறு போட்டவ."

பஸ் வந்துவிட்டது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு பெட்டியைத் தூக்கி ஏற்றினேன்.

"தனியப் போகாதை," என்றார் கடைசியில். "நானும் வாறன்."

துணைக்கு வருகிறாரா, சண்டைக்கு வருகிறாரா என்று நான் கேட்கவில்லை. இரண்டில் எதுவானாலும் கமராவை ஓட விடுவதாக இருக்கிறேன்.