மெயில் வந்துச்சா?

“சார், இப்பதான் ஒரு மெயில் போட்டேன். வந்துச்சா?”

கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை அவர் மூச்சு விடுவதில்லை. ஒரு கையில் போன், மறு கையில் யாருக்கோ போகவேண்டிய கீழ்வரிசைப் பற்கள். அப்புறம் பார்த்துச் சொல்கிறேன் என்று எதிர்முனை சொன்னால் நடக்காது, இப்போதே பார்த்தாகவேண்டும். வந்திருக்கிறது என்றால், “திறந்து பாருங்க சார், படம் தெரியுதா?” என்பது அடுத்த கேள்வி. படமும் தெரிகிறது என்று காதால் கேட்ட பிறகுதான் பற்களை மேசையில் வைப்பார்.

போன் செய்யாமல் இருக்கத்தானே மெயில் என்று ஒருமுறை சொல்லிப் பார்த்தேன். “அது உங்களுக்கு. நீங்க பத்திரிகைக்கு எழுதி அனுப்புறவரு. வரலைன்னா யாருக்கு வலிக்கப் போவுது?” என்றார். சுருக்கென்றது. 

நான் குடியிருக்கும் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இரண்டு அறைகள் அவருடைய பல் லேப். டாக்டர்கள் வாயில் அளவெடுத்து அனுப்புவார்கள். அதற்குப் பொருந்துகிற பல்லையும், பல்லின் மேல் மாட்டும் கேப்பையும் செய்து கொடுப்பது இவர் தொழில். அவரை எல்லோரும் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறார்கள். உண்மையில் அவர் ஒரே ஒருவருக்குத்தான் அண்ணி, உள்ளறையில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் கொழுந்தனாருக்கு. அவர் நாள் முழுக்க அங்கிருந்து “அண்ணி, அண்ணி” என்று கத்திக் கத்தி, கூரியர்காரர் முதல் டாக்டர்கள் வரை எல்லோருக்கும் உறவாக்கிவிட்டார். செய்த பற்களைப் பெட்டியில் வைத்துக்கொண்டு மருத்துவமனை மருத்துவமனையாக அலைகிற கணவரே எப்போதாவது வாய்தவறி அண்ணி என்று கூப்பிட்டு வாங்கிக் கட்டிக்கொள்வதுண்டு.

என் மேல்வரிசையில் ஒரு பல் அண்ணி செய்தது. மாடிப்படியில் எதிர்ப்பட்டால் என் கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார், அந்தப் பல்லைப் பார்த்துத்தான் பேசுவார். நலமா என்று அவர் விசாரிப்பது என்னையா பல்லையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. ஆட்களுக்கு அடையாளம் சொல்வதும் பல்லை வைத்துத்தான். எதிர்க்கடை லாண்டரிக்காரர், “முன்பல்லு ரெண்டும் கோவிச்சுக்கிட்டுத் திரும்பி நிக்குமே, அவரு.” வீட்டுக்காரர், “தூக்கத்துல பல்லைக் கடிக்கிறவரு.” வீட்டுக்காரர் இதை யாரிடமும் சொன்னவரல்ல. அவர் கொட்டாவி விட்டபோது அண்ணி பார்த்துவிட்டார்.

முன்னறை முழுக்க வெள்ளைத் தூள். கீபோர்டுக்குக்கூட பிளாஸ்டிக் உறை மாட்டித்தான் தட்டுவார். உள்ளறை கொழுந்தனாரின் ராஜ்ஜியம். மெழுகில் கேப் செய்து, அதைச் சுற்றி அச்சுக் கட்டி அடுப்பில் வைத்தால் மெழுகு உருகிப் போய்விடும். அந்த வெற்றிடத்தில் உலோகத்தை உருக்கி ஊற்றவேண்டும். காலையில் ஏற்றிய அடுப்பு வேலை முடியும்வரை இறங்கக்கூடாது. நடுவில் அணைந்தால் அச்செல்லாம் விரிசல் விட்டு அன்றைய உழைப்பு அத்தனையும் பாழ். அதனால் இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் இருக்கும் மெயின் சுவிட்சுக்கு மேலே, “யாரும் கை வைக்கக் கூடாது” என்று சிவப்பு எழுத்தில் ஒட்டியிருக்கிறது. எழுதியவர் கொழுந்தனார், எழுதச் சொன்னவர் அண்ணி.

மெயில் வந்துச்சா என்று கேட்கவைக்கும் இந்தப் பயம் அவருக்குக் கூடப்பிறந்ததல்ல. ஒரு மெயில் கொண்டுவந்து விட்டது.

லேப் தொடங்கியபோது வெப்சைட் போட்டுக் கொடுத்தவர், லேப்பின் பெயரிலேயே ஒரு டொமைனும் வாங்கி, கூடவே ஒரு மெயில் பெட்டியையும் கொடுத்திருந்தார். ஒரே பெட்டி, ஒரே பாஸ்வேர்டு, வீட்டில் மூன்று பேரும் பார்ப்பார்கள். அந்தப் பெட்டிக்கு ஒரு தாராள குணம் இருந்தது. டொமைன் பெயர் சரியாக இருந்தால் போதும், அட் குறிக்கு முன்னால் எதைப் போட்டாலும் உள்ளே வந்து விழும். கொழுந்தனாருக்கு அதில் பெருமை தாங்காது. விலாசம் கேட்கிற டாக்டர்களிடமெல்லாம், “எந்தப் பேரு வேணும்னாலும் போடுங்க டாக்டர், நம்ம வீட்டுக்குத்தான் வரும்” என்பார். அவர்களும் விளையாட்டாக ஆளுக்கொரு பெயர் போட்டார்கள். ஒருவர் பல் என்று போட்டார், ஒருவர் லேப் என்று போட்டார். இருப்பவர்களிலேயே மூத்தவர், எல்லோரும் பெரிய டாக்டர் என்று சொல்பவர், அண்ணி என்றே போட்டு எழுதுவார்.

அந்தத் தாராளப் பெட்டி ஒருநாள் சத்தமில்லாமல் நிரம்பிவிட்டது. டாக்டர்கள் அனுப்பும் படங்கள் அடைத்துக்கொண்டிருந்தன, யாரும் கவனிக்கவில்லை. தன் நோயாளிக்கு நிக்கல் ஒத்துக்கொள்ளாது, அது கலக்காத உலோகத்தில் செய்யுங்கள் என்று ஒரு டாக்டர் எழுதிய மெயில் வாசலோடு திரும்பிப் போனது. அண்ணி வழக்கமான உலோகத்தில் செய்து அனுப்பிவிட்டார்.

நோயாளி ஒரு பாட்டு டீச்சர். ஈறும் உதடும் வீங்கி, வாயை மூடவும் முடியாமல், திறந்து ஒரு சொல் பேசவும் முடியாமல் கிடந்தார் என்று கேட்டு அண்ணி பதறியடித்துக்கொண்டு ஓடினார். “திட்டியிருந்தாங்கன்னா மறந்திருப்பேன். என்னைப் பார்த்து லேசா தலையை ஆட்டுனாங்க. அவ்வளவுதான். இன்னைக்கும் கண்ணை மூடுனா அந்த வாய்தான் தெரியுது.” இதைச் சொல்லும்போது மட்டும் அவர் என் பல்லைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்தார்.

அதற்குப் பிறகுதான் மெயில் ஏற்பாட்டை மாற்றுவது என்று முடிவானது. எதற்கு மாறுவது என்பதில்தான் வீடு மூன்றாகப் பிரிந்தது. பழைய பெட்டியிலேயே கொஞ்சம் இடம் கூட்டி வாங்கிக்கொள்ளலாம் என்றார் கணவர். டொமைனுக்கு வருவதை எல்லோரிடமும் இருக்கிற இலவச மெயில் ஒன்றுக்குத் திருப்பிவிட்டால் சல்லிக்காசு செலவில்லை என்றார் கொழுந்தனார். தொழில் செய்பவர்கள் ஆளுக்கு இவ்வளவு என்று மாதா மாதம் கட்டி ஒழுங்கான மெயில் கம்பெனியிடம் போவதுதான் முறை என்றார் வெப்சைட்காரர். அண்ணி மூவரையும் கேட்டார், என்னையும் கேட்டார், லாண்டரிக்காரரையும் விடவில்லை. இடம் எவ்வளவு, குப்பை மெயிலை யார் நன்றாக வடிகட்டுகிறார்கள் என்று நான் படித்துப் படித்துச் சொன்னதெல்லாம் அவர் காதில் ஏறவில்லை. அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று.

“நட்டநடுவுல ஏதாவது ஆச்சுன்னா, கூப்பிட்டா ஆளு எடுப்பாங்களா?”

ஒவ்வொரு கம்பெனியின் உதவி எண்ணையும் தானே கூப்பிட்டுப் பார்த்தார். ஒரு இடத்தில் எண்ணே கிடையாது. ஒரு இடத்தில் ஒன்றை அழுத்து, இரண்டை அழுத்து என்று சுற்றிவிட்டு லைன் செத்துப் போனது. மூன்றாவது இடத்தில் வெகுநேரம் பாட்டுப் போட்டுவிட்டு ஒரு மனிதக் குரல் வந்தது. “நீங்க நிஜமா ஆளுதானே?” என்று உறுதிப்படுத்திக்கொண்டார். அந்தக் கம்பெனிதான் நிலைத்தது.

மாற்றும் நாளில் வெப்சைட்காரர் வந்து உட்கார்ந்து, என்னென்ன பெயரில் விலாசம் வேண்டும் என்று கேட்டார். அண்ணி விரல் மடக்கிச் சொன்னார். ஆர்டருக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று, தன் சொந்தப் பெயரில் ஒன்று. மூன்றும் முளைத்தன. வெப்சைட்காரர் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார். எல்லா டாக்டர்களுக்கும் புது விலாசத்தைச் சொல்லிவிட்டதாகக் கொழுந்தனார் சொன்னார். சொன்னார்தான், வாட்ஸப்பில் ஒரு வரி.

புதுப் பெட்டி சுத்தமாக இருந்தது, அமைதியாகவும் இருந்தது. அந்த அமைதிதான் அண்ணிக்குப் பிடிக்கவில்லை. மாடியிலிருந்து ஒரு மெயில் அனுப்பச் சொல்லி எனக்குக் குரல் கொடுப்பார். நான் அனுப்புவேன். கொஞ்ச நேரத்தில் கீழேயிருந்து “வந்துருச்சு” என்று கேட்கும். அடுத்த அரைமணியில் மறுபடியும். மூன்று விலாசத்துக்கும் அனுப்பினேன், மூன்றும் வந்தன. ஆனாலும் அவருக்குச் சோறு இறங்கவில்லை. “வந்ததெல்லாம் தெரியுது. வராதது எப்படித் தெரியும், சொல்லுங்க?” என்று கேட்டார். சிரிக்கலாம் என்று வாயெடுத்தவன் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வி மாடி ஏறி என் கூடவே வந்து, என்னையும் பிடித்துக்கொண்டது.

பிறகு ஒருநாள் முற்பகலில், கரண்ட் பில் விஷயமாக நான் கீழே இறங்கினேன். அண்ணி கம்ப்யூட்டருக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். நாற்காலி காலியாக இருக்க நின்றுகொண்டிருந்தார். 

விஷயம் இதுதான். பெரிய டாக்டரிடமிருந்து ஒரு கேப்புக்கு அளவு வந்திருந்தது. கணவர்தான் பெட்டியில் வாங்கி வந்திருந்தார். மெயில் எப்படியும் வந்துவிடும் என்று அதன் அச்சும் மற்றவற்றோடு அடுப்பில் ஏறியிருந்தது. ஆனால் மெயில் இல்லை. அளவு அனுப்பினால் பெரிய டாக்டர் பின்னாலேயே ஒரு மெயில் எழுதாமல் இருக்கமாட்டார். நோயாளியின் வயது, நிறம், குணம், அவர் வாங்கிய புதுச் செருப்பு வரைக்கும் எழுதுகிற மனுஷர். இந்தமுறை ஒரு வரியும் இல்லை. அண்ணி காலையிலிருந்து போன் அடிக்கிறார், அவர் எடுக்கவில்லை.

கொழுந்தனார் உள்ளிருந்து எட்டிப் பார்த்தார். “மறந்திருப்பாரு அண்ணி. வயசாச்சுல்ல. அச்சு பழுத்துப் போச்சு, இதுக்கு மேல காத்திருந்தா மத்த டாக்டருங்க வேலையும் சேர்ந்து போயிரும். மத்ததை முதல்ல ஊத்துறேன். அவருது கடைசி.”

அண்ணி தலையாட்டினார். தலைதான் ஆடியது, கண் போனில் இருந்தது.  உள்ளே உலோகம் உருக்குகிற மெஷின் இரைய ஆரம்பித்தது. அது ஓடும்போது பக்கத்தில் நின்று கூவினாலும் உள்ளே இருப்பவருக்குக் கேட்காது. அண்ணி மறுபடி எண்ணை அழுத்தினார். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி அழுத்தினார். வாய்க்குள் ஏதோ முணுமுணுத்தார். பாட்டு டீச்சர் என்று மட்டும் என் காதில் விழுந்தது. ஒன்றும் ஆகியிருக்காது, டாக்டர் வேலையாக இருப்பார் என்று நான் சொன்னேன். என் குரலை நானே நம்பவில்லை.

எத்தனையாவது தடவையோ, போன் எடுக்கப்பட்டது. அண்ணி ஸ்பீக்கரில் போட்டார். 

“டாக்டர், அண்ணி பேசுறேன். உங்க மெயில்…”

“அதான் முந்தாநாளே போட்டுட்டேனேம்மா,” என்றது நிதானமான கிழட்டுக் குரல். “எப்பவும் போடுற மாதிரிதான். அண்ணின்னு போட்டு.”

ஆர்டர், கணக்கு, சொந்தப் பெயர். விரல் மடக்கிச் சொன்ன மூன்றில் அண்ணி இல்லை. எந்தப் பெயருக்கு வந்தாலும் வாங்கிக்கொள்ளும் தாராளம் புதுப் பெட்டிக்குக் கிடையாது.  உள்ளே போய்ச் சொல்லலாம் என்று கதவுப் பக்கம் திரும்பினேன். கண்ணாடி வழியே கொழுந்தனாரின் முதுகுதான் தெரிந்தது. அவர் இடுக்கியால் எந்த அச்சையோ தூக்கிக்கொண்டிருந்தார்.

அண்ணி போனைக் கீழே வைக்கவில்லை. இரண்டே எட்டில் நடுச்சுவருக்குப் போய், சிவப்பு எழுத்துக்குக் கீழே இருந்த மெயின் சுவிட்சை அழுத்தி அணைத்தார். உள்ளறை இருண்டு இரைச்சல் அடங்கியது. அடுப்பில் இருந்த அத்தனை டாக்டர்களின் வேலையும் அந்த அமைதியில் ஆறத் தொடங்கியது. கை சுவிட்சிலேயே இருந்தது.

அந்த மெயிலில் என்ன எழுதியிருந்தீர்கள் என்று அவர் கேட்டது அதற்குப் பிறகுதான்.